3 லிட்டர் 75 மில்லி என்றால் 3.75 லிட்டரா?

கேள்வி சுருக்கமாக இது: "மகள் ஆறாம் வகுப்பு. கொள்ளளவுக் கணக்கில் மில்லிலிட்டரை லிட்டராக, லிட்டரைக் கிலோலிட்டராக மாற்றும்போது பெருக்குவதா வகுப்பதா என்று ஒவ்வொரு தடவையும் குழம்புகிறாள். 3 லிட்டர் 75 மில்லி என்பதை 3.75 லிட்டர் என்று எழுதி மதிப்பெண் போய்விட்டது. கன மீட்டர், கன சென்டிமீட்டர் என்று வந்தால் எனக்கே தலை சுற்றுகிறது. புரியும்படி சொல்லித்தர வழி இருக்கிறதா?"

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். மில்லியும் மைக்ரோவும் என் அன்றாடப் பிழைப்பு. அந்த உரிமையில் சொல்கிறேன்: உங்கள் மகள் செய்தது கவனக்குறைவான தவறு இல்லை. அவளுக்குத் தெரிந்த ஒரு சரியான கணக்கைக் கொண்டுவந்து பொருந்தாத இடத்தில் போட்டிருக்கிறாள்.

3 ரூபாய் 75 பைசாவை எப்படி எழுதுகிறோம்? 3.75. தசமப் புள்ளி முதன்முதலில் நம் கண்ணில் படுவதே கடை ரசீதில்தான். ரூபாய்க்கு 100 பைசா, அதனால் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இடம். கை அதற்கே பழகிவிட்டது. லிட்டருக்கோ 1000 மில்லி. புள்ளிக்குப் பின்னால் மூன்று இடம் வேண்டும். மூன்று அறை உள்ள வீடு என்று மகளிடம் சொல்லுங்கள். 75 மில்லி குடிவந்தால் பின்னால் உள்ள இரண்டு அறைதான் நிரம்பும், முன் அறையில் பூஜ்யம் உட்கார வேண்டும். ஆக 3.075 லிட்டர். வெறும் 5 மில்லி என்றால் 3.005. 750 மில்லி வந்தால்தான் மூன்று அறையும் நிரம்பி 3.750. அவள் எழுதிய 3.75 அதுதான், மூணே முக்கால் லிட்டர். 75 மில்லி என்பது ஒரு சின்ன டீ கிளாஸ். முக்கால் லிட்டர் என்பது ஒன்றரைப் பால் பாக்கெட். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அடுத்த தடவை தப்பாது.

அந்தக் காலத்துப் பெரியவர்களுக்கு இந்தச் சிக்கலே கிடையாது, வேறு சிக்கல் இருந்தது. நம் முகத்தலளவை பாதி பாதியாக இறங்கும்: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. காசும் அப்படித்தான், 16 அணா ஒரு ரூபாய். 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்து ரூபாய் நூறாகப் பிரிந்தது. 1958 அக்டோபர் 1 முதல் மெட்ரிக் எடை, அளவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. பாகம் பிரிப்பதற்குப் படிக்கணக்கு வசதி என்றே நான் நினைக்கிறேன். பாதி, கால், அரைக்கால் எல்லாம் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றினாலே கிடைத்துவிடும். காகிதத்தில் கணக்குப் போடத்தான் பத்தின் மடங்குகள் வசதி.

அடுத்தது பெருக்குவதா வகுப்பதா. இதை விதியாக மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். பரீட்சை அறையில் விதி மறந்துபோகும், காட்சி மறக்காது. ஒரு குடம் தண்ணீரைச் செம்பால் மொண்டு எடுத்தால் பத்துப் பதினைந்து தடவையில் முடிந்துவிடும். அதையே டம்ளரால் மொண்டால் அறுபது எழுபது தடவை ஆகும். தண்ணீர் அதே தண்ணீர்தான். மொள்ளும் பாத்திரம் சிறிதானால் எண்ணிக்கை ஏறும், பெரிதானால் இறங்கும். லிட்டரிலிருந்து மில்லிக்குப் போகிறாள் என்றால் சின்னப் பாத்திரத்துக்குப் போகிறாள், எண் பெருக வேண்டும். 2.4 லிட்டர், 2400 மில்லி. மில்லியிலிருந்து லிட்டருக்கு வந்தால் எண் சிறுக்க வேண்டும். 350 மில்லி, 0.35 லிட்டர். விடை எழுதியதும் "எண் ஏறணுமா, இறங்கணுமா?" என்று ஒரு முறை கேட்டுக்கொண்டால் போதும். 350 மில்லியை 3,50,000 லிட்டர் என்று எழுதிய பையனை எனக்குத் தெரியும். ஒரு பாட்டில் ஜூஸுக்கு முப்பது நாற்பது தண்ணீர் லாரி வேண்டியிருந்திருக்கும்.

பாடப்புத்தகத்தில் ஏழு படி உள்ள ஏணி ஒன்று வரும்: கிலோலிட்டர், ஹெக்டோலிட்டர், டெக்காலிட்டர், லிட்டர், டெசிலிட்டர், சென்டிலிட்டர், மில்லிலிட்டர். ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு. கிலோ, ஹெக்டோ, டெக்கா கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தவை, பெரிதாக்குபவை. டெசி, சென்டி, மில்லி லத்தீனிலிருந்து வந்தவை, சிறிதாக்குபவை. இந்த ஏழில் டெக்காவையும் ஹெக்டோவையும் நம் ஊரில் யாரும் வாயால்கூடச் சொல்வதில்லை. தண்ணீர் வாரியத்திலும் பெட்ரோல் டேங்கரிலும் கிலோலிட்டர் புழங்குகிறது. சென்டிலிட்டர் வெளிநாட்டுப் பாட்டில்களில் இருக்கும். 33 என்று போட்டிருந்தால் 330 மில்லி. டெசிலிட்டர் ஆய்வுக்கூடத்தின் சொத்து. பரீட்சைக்கு ஏழும் வேண்டும், வாழ்க்கைக்குக் கிலோலிட்டர், லிட்டர், மில்லிலிட்டர் மூன்று போதும்.

(மகளிடம் சொல்ல வேண்டாம், இது உங்களுக்கு மட்டும்: மதுக்கடையில் ஃபுல் 750 மில்லி, ஆஃப் 375, குவார்ட்டர் 180. நான்கு குவார்ட்டர் சேர்ந்தால் 720தான். நான்கு கால் சேர்ந்தும் ஒன்று ஆகாத ஒரே கணக்கு அதுதான்.)

இனி உங்களுக்கே தலை சுற்றுகிறது என்று சொன்ன இடம். உண்மையில் பெரியவர்கள் வழுக்கி விழுவதும் இங்கேதான்.

லிட்டர் ஏணியில் ஒரு படிக்குப் பத்து மடங்கு என்று பார்த்தோம். நீளத்தின் ஏணியும் அப்படியே. 10 மில்லிமீட்டர் ஒரு சென்டிமீட்டர், 100 சென்டிமீட்டர் ஒரு மீட்டர். ஆனால் 'கன' என்ற சொல் முன்னால் ஒட்டியதும் அந்த ஏணியின் படிகள் விலகிப்போகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றுமே பத்து மடங்காவதால் 10 × 10 × 10, ஒரு படிக்கு 1000. மீட்டருக்கு 100 சென்டிமீட்டர். கன மீட்டருக்கு 100 கன சென்டிமீட்டர் இல்லை, 100 × 100 × 100, பத்து லட்சம். இரண்டு ஏணிகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, ஆனால் படிகளின் இடைவெளி வேறு. இரண்டும் சந்திக்கும் இடங்கள் மூன்றுதான் நினைவில் இருக்க வேண்டும்:

1 கன சென்டிமீட்டர் = 1 மில்லிலிட்டர்
1 கன டெசிமீட்டர் (10 செ.மீ. பக்கம் உள்ள பெட்டி) = 1 லிட்டர்
1 கன மீட்டர் = 1 கிலோலிட்டர், அதாவது 1000 லிட்டர்

நடுவில் இருப்பதுதான் லிட்டர் பிறந்த கதை. 1795 ஏப்ரல் 7-ல் பிரான்ஸ் போட்ட சட்டம், மீட்டரில் பத்தில் ஒரு பங்கு பக்கமுள்ள கன சதுரத்தின் கொள்ளளவை லிட்டர் என்றது. 'லித்ரோன்' என்ற பழைய பிரெஞ்சுப் படியின் பெயரைக் கொஞ்சம் செதுக்கி வைத்த பெயர் அது. ஊசி போடும்போது "ரெண்டு சிசி" என்கிறார்களே, அந்த சிசி கன சென்டிமீட்டர்தான். 100 சிசி பைக் என்றால் அதன் சிலிண்டருக்குள் பிஸ்டன் ஒரு தடவை மேலும் கீழும் போகும் இடத்தின் அளவு ஏறக்குறைய 100 மில்லி, அரை டம்ளர்.

என் வீட்டு சம்ப் கட்டியபோது நடந்ததைச் சொல்கிறேன். மேஸ்திரி 8 அடி, 6 அடி, 5 அடி என்று நூல் பிடித்தார். தம்பி அதை மீட்டராக்கி 2.4, 1.8, 1.5 என்று எழுதிப் பெருக்கி 6.48 கன மீட்டர் என்றான். அதுவரை சரி. "மீட்டருக்கு நூறு, அப்ப 648 லிட்டர். இது பத்தாதுங்க மேஸ்திரி, இன்னும் தோண்டுங்க" என்றான். மேஸ்திரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தம்பி, ஒரு லோடு லாரியை அப்படியே கவுத்தாலும் கொள்ளும்" என்றார். அவர் கணக்கு கன அடிக்கு இருபத்தெட்டு லிட்டர், அவ்வளவுதான். 240 கன அடி, 6700-க்குக் கொஞ்சம் மேலே. தம்பியின் 6.48-ஐ ஆயிரத்தால் பெருக்கினால் 6480. கன அடிக்குத் துல்லியமாக 28.317 லிட்டர் போட்டால் 6796 வரும். இரண்டுக்கும் 316 லிட்டர் வித்தியாசம் எங்கே போனது? 2.438-ஐ 2.4 என்றும், 1.829-ஐ 1.8 என்றும், 1.524-ஐ 1.5 என்றும் மூன்று பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் தட்டிவிட்டதில் போனது. பெருக்கப்போகும் எண்களை முன்கூட்டியே முழுமையாக்கினால் பிழையும் சேர்ந்தே பெருகும். கடைசியில் மட்டும் முழுமையாக்கச் சொல்லுங்கள்.

மழைக்கும் இதே வழிதான். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சரியாக ஒரு லிட்டர். 1 × 1 × 0.001 கன மீட்டர், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு கிலோலிட்டர். நம் பத்திரிகைகள் மழையைச் சென்டிமீட்டரில் போடும். "5 செ.மீ. மழை" என்றால் 50 மில்லிமீட்டர், சதுர மீட்டருக்கு 50 லிட்டர். 1000 சதுர அடி மொட்டை மாடி 92.9 சதுர மீட்டர். அதில் ஒரு இரவில் 4645 லிட்டர் விழுந்திருக்கும். தெறித்ததும் உறிஞ்சியதும் போக மிச்சம் சம்புக்கு.

அணைக் கணக்கு வேறு ரகம். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, அதாவது சுமார் 2,832 கோடி லிட்டர். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. கன கிலோமீட்டரில் சொன்னால் சுமார் 2.65 மட்டுமே. நீளம், அகலம், உயரம் மூன்றும் 1.4 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான ஒரு பெட்டியில் மேட்டூர் அடங்கிவிடும். லிட்டரில் எழுதினால் 2.65 லட்சம் கோடி. 'கன' ஏணியின் படி எவ்வளவு அகலம் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஹீமோகுளோபின் பார்க்கக் கண்ணாடிக் குழாயில் வாயால் ரத்தம் உறிஞ்சுவார்கள். அந்தக் குழாயில் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் 20 கன மில்லிமீட்டர் என்று இருக்கும். பிறகு கட்டைவிரலால் அமுக்கும் பிப்பெட் வந்தது. அதில் 20 மைக்ரோலிட்டர் என்று இருந்தது. "இது எத்தனை மடங்கு அதிகம்?" என்று மூத்தவரிடம் கேட்டேன். அவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினார்: ஒரு மில்லி என்பது ஒரு கன சென்டிமீட்டர். சென்டிமீட்டருக்கு 10 மில்லிமீட்டர், கனத்துக்கு 1000 கன மில்லிமீட்டர். மைக்ரோ என்பது பத்து லட்சத்தில் ஒன்று, ஆக ஒரு மில்லிக்கு 1000 மைக்ரோலிட்டர். இரண்டும் ஒன்றேதான். ஏணிகள் சந்திக்கும் நாலாவது இடம் இது.

இதை விவரமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. டெங்கு சமயத்தில் ஒரு பெண் தன் கணவரின் இரண்டு ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். முதல் நாள் ஒரு கூடத்தில் எடுத்ததில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 1.20. மறுநாள் வேறொரு கூடத்தில் 118. "ஒரே நாள்ல நூறு மடங்கு ஏறிடுச்சு, இனிமே பயமில்லையே?" என்றார். முதல் சீட்டில் 'லட்சம், ஒரு கன மில்லிமீட்டருக்கு' என்று பொடி எழுத்தில் இருந்தது. இரண்டாவதில் 'ஆயிரம், ஒரு மைக்ரோலிட்டருக்கு'. அதாவது 1,20,000, மறுநாள் 1,18,000. ஏறவே இல்லை, ஒரு நூல் இறங்கித்தான் இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று கொஞ்ச நேரம் வாயைத் திறக்க முடியவில்லை. சில சீட்டுகளில் லிட்டருக்கு என்று கணக்கிட்டு '118 × 10-ன் அடுக்கு 9' என்று வரும். அதுவும் இதே எண்தான். ஆயிரத்தை மைக்ரோலிட்டருக்குச் சொல்வதும், நூறு கோடியை லிட்டருக்குச் சொல்வதும் சமம். லிட்டருக்குப் பத்து லட்சம் மைக்ரோலிட்டர் என்பதை நினைவில் வைத்துப் பெருக்கிப் பாருங்கள்.

டெசிலிட்டர் இதைவிட எளிது, 100 மில்லி. ஹீமோகுளோபின் 12.5 என்றால் ஒவ்வொரு 100 மில்லி ரத்தத்திலும் 12.5 கிராம். பிரிட்டனில் இருக்கும் உறவினர் 125 என்று சொன்னால் திடுக்கிட வேண்டாம், அங்கே லிட்டருக்குச் சொல்கிறார்கள். சர்க்கரையில் இன்னும் ஒரு திருப்பம் உண்டு. இங்கே 126 என்று வருவது அங்கே 7. டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம், லிட்டருக்கு 1260. குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180. 1260-ஐ 180-ஆல் வகுத்தால் 7 மில்லிமோல் (எடைக்குப் பதிலாக மூலக்கூறுகளின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு). சுருக்கமாக 18-ஆல் வகுத்தால் போதும் என்பார்கள். அந்த 18-க்குள் டெசிலிட்டரிலிருந்து லிட்டருக்குப் போகும் பத்தும் ஒளிந்திருக்கிறது.

இன்சுலின் போடுபவர்கள் வீட்டில் இருந்தால் இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பி ஒன்று, 100 யூனிட் உள்ளது ஒன்று. இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்ச், 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு. 20 யூனிட் என்பது முதலாவதில் அரை மில்லி, இரண்டாவதில் 0.2 மில்லி. 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். சிரிஞ்சின் கோடு காட்டுவது யூனிட் மாதிரி தெரிந்தாலும் அது அளப்பது மில்லியைத்தான்.

கொள்ளளவையும் எடையையும் கலப்பது இன்னொரு பழக்கம். தண்ணீருக்கு லிட்டர் ஒரு கிலோ என்பது நடைமுறைக்குச் சரி. 1901-ல் லிட்டரை அப்படியே வரையறுத்தும் பார்த்தார்கள், ஒரு கிலோ தூய நீர் பிடிக்கும் இடம் என்று. பிறகு அளந்தபோது அது கன டெசிமீட்டரைவிடப் பத்து லட்சத்தில் 28 பங்கு கூடுதல் என்று தெரிந்தது. ஒரு கிலோலிட்டருக்கு 28 மில்லி. அந்தச் சிறு பிசிறு பொறுக்காமல் 1964-ல் பழையபடி கன டெசிமீட்டருக்கே திரும்பினார்கள். எண்ணெய்க்கு இந்தச் சமன்பாடு பக்கத்திலேயே வராது. லிட்டர் கடலை எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான், பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். கடையில் '15 டின்' என்று கேட்கும்போது 15 கிலோவா 15 லிட்டரா என்று கேளுங்கள். 15 கிலோ டின்னில் சுமார் 16.5 லிட்டர் இருக்கும். 15 லிட்டர் டின்னில் 13.65 கிலோதான். விலை ஒப்பிடும்போது இந்த ஒன்றரை லிட்டர் கண்ணுக்குத் தெரியாமல் நழுவும்.

மகளின் நோட்டில் லிட்டருக்கு ஆங்கிலச் சின்ன 'எல்' போட்டால் சிலர் திருத்துகிறார்கள், பெரிய 'எல்' போட்டால் வேறு சிலர் திருத்துகிறார்கள். இரண்டும் சரி. சின்ன 'எல்' ஒன்றாம் எண் போலவே தெரிவதால், 1979-ல் பன்னாட்டு எடை அளவை மாநாடு இரண்டையும் அனுமதித்தது. பெரிய எழுத்து என்பது மனிதர் பெயரால் வந்த அலகுகளுக்குத்தான் என்பது பொது விதி. அதற்கு முந்தைய வருடம் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர், க்ளோத் லிட்டர் என்ற ஒரு பிரெஞ்சுக்காரர் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்ததாக, பெரிய எழுத்துக்கு நியாயம் கற்பித்து வேடிக்கைக்காக ஒரு கட்டுரை எழுதினார். அதை நிஜம் என்று நம்பியவர்களும் இருந்தார்கள்.

வீட்டில் செய்து பார்க்க ஒன்று. பழைய அட்டைப் பெட்டியிலிருந்து 10 செ.மீ. பக்கமுள்ள ஐந்து சதுரங்களை வெட்டி ஒட்டி, மேல்புறம் திறந்த பெட்டியாக்கி, உள்ளே ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து வையுங்கள். இரண்டு அரை லிட்டர் பால் பாக்கெட் அளவு தண்ணீரை மகளையே ஊற்றச் சொல்லுங்கள். அட்டையின் பக்கங்கள் கொஞ்சம் உப்பும், அதனால் விளிம்பு தொடாமல் ஒரு விரற்கடை கீழே நிற்கும். சுற்றிலும் நாடாவால் இறுக்கிக் கட்டிவிட்டு மறுபடி ஊற்றினால் விளிம்புக்கு வந்துவிடும். பிறகு 75 மில்லியை அளந்து தனியே ஒரு டம்ளரில் வைத்து, இது அந்தப் பெட்டியில் எத்தனை உயரம் நிற்கும் என்று கேளுங்கள். பத்துக்குப் பத்து அடிப்பரப்பில் ஒவ்வொரு 100 மில்லிக்கும் ஒரு சென்டிமீட்டர் ஏறும். ஆகவே முக்கால் சென்டிமீட்டர்.